பிரம்பு போனால் மரியாதையும் போய்விடுமா? ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளும் பழக்கவழக்கமும்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு பாடசாலையில் ஆசிரியர் பிள்ளையை அடித்தார் என்று செய்தி வந்தால் அடுத்த நாளே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். "அடி வாங்கித்தான் நாங்கள் ஆளானோம், பிரம்பை நிறுத்திய பிறகுதான் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லாமல் போனது" என்பது ஒரு பக்கம். மறுபக்கம் சட்டத்தையும் சிறுவர் உரிமையையும் எடுத்துக்கொண்டு வரும். 2025 இல் உடல்ரீதியான தண்டனையைத் தடுப்பதற்கான தண்டனைச் சட்டக் கோவைத் திருத்தம் பேசுபொருளானபோதும் இதே சண்டைதான்.

இரண்டு பக்கமும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு மரியாதை எந்த வழியாக வருகிறது? பிரம்பு இருந்த காலத்தில் அது பிரம்பால்தான் வந்ததா, வேறு எதனாலோ வந்து, பேர் மட்டும் பிரம்புக்குப் போனதா?

இங்கே பேசுவது தரம் 1 முதல் 5 வரையான ஆரம்பப் பிரிவைப் பற்றி, அதிலும் முதல் இரண்டு வகுப்புகளைப் பற்றி. பதின்ம வயதுக்காரர்களின் பிரச்சினை வேறு. அதையும் இதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டக்கூடாது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

"மரியாதை" என்ற ஒரே சொல்லில் நாம் நாலு விடயங்களைச் சொல்லிவிடுகிறோம்.

1. பழக்கவழக்கம். கை கழுவுவது, வரிசையில் நிற்பது, சொல்லிவிட்டுப் போவது, ஒருவர் பேசி முடியும்வரை பொறுப்பது. இது கையும் காலும் வாயும் பழகுகிற வேலை. பலமுறை செய்தால் வரும்.

2. மரியாதை. எதிரே இருப்பவரும் ஓர் ஆள், அவருக்கும் நோகும், அவருக்கும் வெட்கம் வரும் என்ற உணர்வு. இது மெதுவாக வருவது. தனக்கு மரியாதை கிடைத்துப் பார்த்த பிள்ளைக்குக் கொஞ்சம் விரைவாக வரும்.

3. கீழ்ப்படிவு. சொன்னதைச் செய்வது. வகுப்பு நடத்த இது வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் சொன்னதைச் செய்கிற பிள்ளை சொன்னவரை மதிக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

4. பயம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றாவதைப் போலவே இருக்கும், சிலவேளை இரண்டாவதைப் போலவும் இருக்கும். ரீச்சர் உள்ளே வந்ததும் வகுப்பு கப்சிப்பென்று ஆனால் அது இந்த நாலில் எது என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. ரீச்சர் வெளியே போன பிறகு எட்டிப் பார்த்தால் தெரியும்.

"ஒழுக்கம்" என்பது "ஒழுகு" என்ற வினையிலிருந்து பிறந்த சொல். தொடர்ந்து ஒரு வழியில் நடந்துவருவது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. பாடசாலைப் பேச்சில் அது "ஒழுக்காற்று நடவடிக்கை" ஆகி, தண்டனைக்கு மறுபெயராகிவிட்டது. நல்ல சொல்லுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது

பல முன்பள்ளிகளின் சுவரில் "மந்திரச் சொற்கள்" என்று ஒரு படம் தொங்கும்: தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல சொற்கள்தான். ஆனால் வீட்டில் எந்தப் பிள்ளையும் அம்மம்மாவிடம் "தயவுசெய்து சோறு தாருங்கள்" என்று கேட்பதில்லை. கேட்டால், "ஏன் மகன், அம்மம்மாவோட கோபமா?" என்பார்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் பணிவு வேறு இடத்தில் குடியிருக்கிறது. "ரீச்சர், ஒருக்கா தண்ணி குடிச்சிட்டு வரட்டா?" என்று ஒரு பிள்ளை கேட்கிறது. அதில் தயவுசெய்தும் இல்லை, நன்றியும் இல்லை. ஆனாலும் முழுக்க முழுக்க மரியாதையான வாக்கியம். "ஒருக்கா" கேட்பதைச் சின்னதாக்குகிறது. "வரட்டா" முடிவை எதிரே இருப்பவர் கையில் கொடுக்கிறது. "போறன்" என்னாமல் "போயிட்டு வாறன்" என்பதிலும் அப்படியொரு பணிவு இருக்கிறது. சுவரில் உள்ள மூன்று சொற்களை வைத்துப் பிள்ளையை அளந்தால், இந்தப் பிள்ளைக்குப் பழக்கவழக்கம் போதாது என்றுதான் முடிவு வரும். அது அளவுகோலின் பிழை.

இதைவிடப் பெரியது "நீ", "நீங்க" வித்தியாசம். "வா", "வாங்க". "அவன்", "அவர்". தமிழ்ப் பிள்ளை வாய் திறந்த அந்த நொடியே ஒன்றைத் தீர்மானித்தாகவேண்டும்: இந்த ஆளுக்கு "ங்க" உண்டா, இல்லையா? இதை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. யார் யாருக்கு "ங்க" போடுகிறார் என்று காதைத் தீட்டிக் கேட்டுப் பிள்ளை தானே எடுத்துக்கொள்கிறது.

இதில் இந்தக் கிழக்குக் கரையோரத்துக்கு ஒரு தனி வசதியும் உண்டு. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், கலியாணமான பெண் தாய் வீட்டிலோ அதற்குப் பக்கத்திலோ குடியிருப்பது இங்கே நெடுநாள் வழக்கம். அதனால் பல பிள்ளைகள் வளர்வது அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் அடுத்தடுத்த வளவில் இருக்கிற சூழலில். முஸ்லிம் வீடென்றால் உம்மம்மா, சாச்சி, ராத்தா. ஐந்து வயதிலேயே எட்டுப் பத்து உறவுமுறை தெரியும். யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக்கூடாது என்பதும் தெரியும். ஆகவே மரியாதை தெரியாத பிள்ளையாக எவரும் தரம் 1 இற்கு வருவதில்லை. முறை சொல்லிக் கூப்பிட முடியாத ஓர் அந்நியருக்கு, வேறு ஊர்ப் பிள்ளைக்கு, அதே மரியாதையை எப்படிக் கொடுப்பது என்பதுதான் தெரியாது. பாடசாலை செய்யவேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது.

சில வீடுகளில் பெரியவர்களே சின்னப் பிள்ளையைப் பார்த்து "வாங்க மகன்", "சாப்பிட்டீங்களா மகள்" என்று பேசுவார்கள். வெளியூர்க்காரருக்கு வேடிக்கையாக இருக்கும். "ங்க" காதில் விழுந்தால்தானே வாயில் வரும்? நம்மிடம் இருக்கிற கற்பித்தல் முறைகளில் ஆகச் சிறந்தது இது என்பது என் எண்ணம். பயிற்சிப் பட்டறையும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

ஐந்து வயதில் எது முடியும்?

பெரியவர்கள் "திமிர்" என்று பெயர் வைக்கிற பலவும் வயதின் குணம். 1983 இல் விமர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிறுபிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பையன் சொக்லேற்றை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரம் தாய் அதை வேறு அலுமாரிக்கு மாற்றிவிடுகிறாள். பையன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சொக்லேற் இப்போது இருக்கிற அலுமாரியைக் காட்டின. தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது அந்த வயதில் பிடிபடுவதில்லை. நாலுக்கும் ஆறுக்கும் இடையில்தான் சரியான விடை வரத் தொடங்கியது.

தரம் 1 பிள்ளை இந்தப் படியை இப்போதுதான் தாண்டி வந்திருக்கிறது. ரீச்சர் இன்னொருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து சேலையைப் பிடித்து இழுக்கிற பிள்ளை அவமதிக்கவில்லை. ரீச்சரின் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது என்பதை அதன் மனம் இன்னும் வேகமாகக் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான். இதைத் திருத்தவேண்டாமா என்றால், திருத்தத்தான் வேண்டும். குற்றவாளியைத் திருத்துவது போலத் திருத்தக்கூடாது.

இன்னொன்று 1961 இல் பண்டுரா என்ற உளவியலாளர் அமெரிக்காவில் 72 முன்பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைச் சில பிள்ளைகள் பார்த்தன. பிறகு தனியே விட்டபோது அந்தப் பிள்ளைகள் அதே அடியை, அதே சொற்களோடு கூட, பொம்மைக்குக் கொடுத்தன. செய் என்று யாரும் சொல்லவில்லை.

பாடத்திட்டத்தில் இது எங்கே?

தனிப்பாடமாக எங்கேயும் இல்லை. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பவைதான் ஆரம்பப் பிரிவின் முதன்மைப் பாடங்கள். பழக்கவழக்கம் சமயத்துக்குள்ளும் சுற்றாடலுக்குள்ளும் கரைந்து கிடக்கிறது. 1999 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வகுப்பறை வேலையை விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றாகப் பிரித்து, சின்ன வகுப்புகளில் முதல் இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்தது. பழக்கவழக்கம் பழகுவதற்கு ஏற்ற இடம் அந்த இரண்டும்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடுகிற அவசரத்தில் அவைதான் முதலில் வெட்டுப்படுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

குழப்பம் இங்கேதான் அதிகம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சட்டங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கின்றன.

1. 1883 இன் தண்டனைச் சட்டக் கோவையில் 341 ஆம் பிரிவு குற்றவியல் பலாத்காரத்தை, அதாவது ஒருவர்மேல் குற்றமாகும் வகையில் பலத்தைப் பயன்படுத்துவதை, விளக்குகிறது. அதற்குக் கொடுக்கப்பட்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ஆசிரியர் நியாயமான அளவில் மாணவனைப் பிரம்பால் அடிப்பது குற்றவியல் பலாத்காரம் ஆகாது என்கிறது. வெள்ளைக்காரர் காலத்து வாசகம்.

2. 1939 இன் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் அதே 71 ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு, பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை இது பாதிக்காது என்று கதவைத் திறந்துவிட்டது.

3. 1991 இல் இலங்கை ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. பாடசாலை ஒழுங்கு பிள்ளையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பது அதன் 28 ஆம் உறுப்புரை. 1995 இல் பிள்ளைகளுக்குக் கொடுமை இழைப்பது தண்டனைச் சட்டக் கோவையில் 308அ பிரிவாகச் சேர்ந்தது.

4. கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை, பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்றது. 2016 இல் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதை மீண்டும் வலியுறுத்தியது.

5. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியரின் அடியால் காது பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. சித்திரவதை, கொடூரமான அல்லது இழிவான நடத்துகை ஆகியவற்றுக்கு எதிரான உறுப்புரை அது.

ஆக, "அடிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது" என்பவருக்கும் ஒரு தாள் கிடைக்கும், "தடை" என்பவருக்கும் ஒரு தாள் கிடைக்கும். நடைமுறையில் ஆசிரியருக்கு முதலாவது தாள் கைகொடுக்காது. சுற்றறிக்கையை மீறினால் திணைக்கள விசாரணை, காயம் பட்டால் பொலிஸ், அதற்கு மேல் நீதிமன்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் முறைப்பாடு செய்யலாம்.

ஆசிரியர்கள் சொல்கிற ஒரு குறை மட்டும் நியாயமானது. பிரம்பைக் கீழே வை என்ற கட்டளை வந்த வேகத்தில், அந்தக் கையில் வேறு எதை எடுப்பது என்ற பயிற்சி வரவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகளோடு தனியே நிற்கும் ஒருவருக்குச் சுற்றறிக்கை இலக்கம் உதவாது. அப்புறம் நடப்பது தெரிந்ததே: பிரம்பு போய் நாக்கு வந்தது. "மாடு", "சனியன்", "உன்ட அம்மா உன்னை ஏன் பெத்தா". உடம்பில் தழும்பு இல்லாததால் இது முறைப்பாடாகவும் வருவதில்லை.

"அடியாத மாடு படியாது"

இந்தப் பழமொழி இல்லாமல் நம் ஊரில் இந்தப் பேச்சு முடியாது. மாடு வண்டிக்கும் ஏருக்கும் படியவேண்டும். அதற்கு வேண்டியது கீழ்ப்படிவு, மேலே சொன்ன மூன்றாவது. வண்டிக்காரனை மாடு மதிக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அடி கீழ்ப்படிவைத் தரும்தான், அதுவும் உடனே தரும். அதனால்தான் விட மனம் வருவதில்லை.

விலை பிறகு வருகிறது. 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோர் பிள்ளைகளைக் கையால் அடிப்பது பற்றிய 75 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 1,60,000 பிள்ளைகள் பற்றிய தரவுகளோடு ஒன்றாக வைத்துப் பார்த்தது. அடி கூடிய இடத்தில் முரட்டுத்தனமும் மனநலக் குறைவும் பெற்றோரோடு விரிசலும் கூடியிருந்தன. இவை ஒன்றாகக் காணப்படுகின்றன என்பதால் அடிதான் ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது; முரட்டுப் பிள்ளை கூடுதல் அடி வாங்கியுமிருக்கலாம். ஆனால் அடித்ததால் பிள்ளை நன்றாக வந்தது என்று காட்ட அந்தக் குவியலில் ஏறக்குறைய ஒன்றும் அகப்படவில்லை.

"அடி வாங்கித்தான் ஆளானோம்" என்பதிலும் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. அப்படிச் சொல்பவர் ஆளானவர். அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு வாவியில் இறால் பிடிக்கப் போனவரை ஒக்டோபர் 6 ஆசிரியர் தின மேடைக்கு யாரும் அழைப்பதில்லை.

கும்பிடுவதா, சலாமா?

அம்பாறை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம். சிங்களப் பிள்ளை வெற்றிலை கொடுத்து முழந்தாளிட்டு ஆசிரியரை வணங்கும். சைவப் பிள்ளை விசேட நாளில் காலைத் தொட்டுக் கும்பிடும். முஸ்லிம் பிள்ளை இறைவனைத் தவிர எவர் முன்னும் சிரம் பணியாது, சலாம் சொல்லும். பிள்ளைகள் கலந்து படிக்கிற வகுப்பில், அல்லது ஆசிரியர் ஒரு சமூகம் பிள்ளைகள் வேறு சமூகம் என்ற இடத்தில், எல்லோரும் ஒரே மாதிரி வணங்கவேண்டும் என்றால் அது ஒரு பிள்ளையின் வீட்டைச் சிறுமைப்படுத்துவதாகிவிடும். பெற்றோரையும் சொந்தப் பண்பாட்டையும் மொழியையும், தன்னுடையதல்லாத பண்பாட்டையும் மதிக்கக் கற்பிப்பது கல்வியின் நோக்கம் என்று அதே சமவாயத்தின் 29 ஆம் உறுப்புரை சொல்கிறது. சரி, நடைமுறை? காலை வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு முறையில் முகமன் சொல்லட்டும், மற்றப் பிள்ளைகள் அதே முறையில் பதில் சொல்லட்டும். மூன்று முகமன்களைப் பழக ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் போதும். பெரியவர்களுக்குத்தான் காலம் எடுக்கும்.

ஒரு குழாய், முப்பது பிள்ளைகள்

மாற்று வழி என்ன என்று கேட்பவர் காலைச் சாப்பாட்டு நேரத்தைப் பார்க்கவேண்டும். சோறும் பருப்பும் கீரையும் வந்துவிட்டது. கை கழுவக் குழாய் ஒன்றுதான். முன்னால் ஒருவன் இரண்டு கையாலும் குழாயை மறித்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் ஒருத்தி அவன் சேட்டைப் பிடித்து இழுக்கிறாள், கடைசியில் நிற்கிற சின்னவன் அழத் தொடங்கிவிட்டான். "வரிசையில் நில்லுங்கோ!" என்று தூரத்திலிருந்து கத்தினால் அன்றைக்கு வரிசை வரும். நாளைக்கும் கத்தவேண்டும்.

கத்தாமல் செய்கிற ரீச்சர்மார் ஏறக்குறைய இப்படிச் செய்கிறார்கள்:

1. ஒரு நேரத்தில் ஒரே பழக்கம். இந்த மாதம் குழாய் வரிசை மட்டும். மற்றவை பொறுக்கலாம்.

2. கண்ணுக்குத் தெரிகிற அடையாளம். நிலத்தில் சோக்கால் ஐந்து பாதம் கீறிவிடுவது. "ஒழுங்காக நில்" என்பது பிள்ளைக்கு விளங்காது, "இந்தப் பாதத்தில் நில்" விளங்கும்.

3. ரீச்சரும் வரிசையில் நிற்பது. இதைச் செய்ய மனம் வராத பலர் இருக்கிறார்கள். மற்ற ஐந்தையும்விட இதற்குப் பலன் கூட.

4. பார்த்ததைச் சொல்வது. "நல்ல பிள்ளை" என்றால் எதற்கு என்று தெரியாது. "தம்பிக்கு இடம் விட்டீங்க, நான் கண்டன்" என்றால் தெரியும்.

5. பிழைத்தால் திரும்பச் செய்யவைப்பது. தள்ளிக்கொண்டு வந்தவர் கடைசிப் பாதத்துக்குப் போய் மீண்டும் வரவேண்டும். வசவும் இல்லை, வகுப்புக்கு முன்னால் முழங்காலில் நிறுத்துவதும் இல்லை.

6. வீட்டுக்குச் சொல்லியனுப்புவது. தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடுகள் இங்கே ஏராளம். அம்மம்மாவை வரச்சொல்லிக் குற்றப்பத்திரிகை வாசிக்காமல், "இந்த மாதம் இதைப் பழக்குறம், வீட்டுலயும் ஒருக்கா பாருங்க" என்றால் அவர் செய்வார்.

"ங்க" யாருக்கு?

மரியாதையைக் காதால் கேட்டுத்தான் பிள்ளை எடுக்கிறது என்றால், ஒரு பாடசாலை வளவில் ஒரு காலையில் அதன் காதில் என்ன விழுகிறது என்று பார்க்கவேண்டும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார்: "வாங்க சேர், இருங்க சேர், இளநி குடிப்பமா சேர்?" மைதானத்தில் அறுபது வயதுக் காவலாளி புல் வெட்டிக்கொண்டிருக்கிறார்: "டேய், இஞ்ச வா, கதிரை எடு." மோட்டார் சைக்கிளில் வந்த தகப்பனுக்கு அலுவலகத்தில் கதிரை. வயல்வேலைக்குப் போகிற வழியில் வந்த தாய் வாசலில் நிற்கிறாள், அவள் பெயரைக் கூட யாரும் கேட்கவில்லை.

காலைக் கூட்டத்தில் "பெரியவர்களை மதிக்கவேண்டும்" என்று அதிபர் அரைமணி நேரம் பேசியிருப்பார். பிள்ளை கேட்டது அதை அல்ல. வெள்ளைச் சேட்டுக்கு "ங்க" உண்டு, சேறுபட்ட சாறனுக்கு இல்லை என்பதைக் கேட்டது. அதைச் சரியாகவே படித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, சாப்பாடு சமைத்துக் கொண்டுவருகிற அம்மாவைப் பார்த்து, "இஞ்ச, எனக்குத் தண்ணி எடுத்துத் தா" என்று அது சொல்லும். ரீச்சர் திடுக்கிட்டுப்போய், "இதெல்லாம் வீட்டுல இருந்து வாற பழக்கம்" என்பார்.